எந்தக் கைக் கதவு?

“இடமோ வலமோ எண்டு கேக்கிறாங்கள். கெதியாச் சொல்லுங்கோ.”

மாமா இங்கிலாந்தில், பழைய பாணிக் கதவுச் சாமான்கள் விற்கிற ஒரு கடைக்குள் நின்றபடி வட்ஸ்அப்பில் கேட்டார். நாங்கள் மூன்று பேரும் வலிகாமம் வடக்கில், கதவில்லாத ஒரு வாசலுக்கு முன்னால் நின்றோம். மூன்று பேரும் ஒரே நேரத்தில் வாயைத் திறந்தோம். இரண்டு பேர் ‘வலம்’, ஒருத்தி ‘இடம்’. பெரும்பான்மை வென்றது. மாமா வலக்கைப் பூட்டை வாங்கினார். அது இப்போது அம்மம்மாவின் அறைக் கதவில் தலைகீழாக நிற்கிறது.

ஊரில் இப்போது நிறையப் பேர் பழைய வீடு திருத்துகிறார்கள். பழைய வீட்டுக்குப் பழைய மாதிரிப் பூட்டே வேண்டும் என்று எங்களைப் போல ஆசைப்படுகிறவர்களும் இருப்பார்கள். அவர்களுக்கு உதவும் என்றுதான் இதை எழுதத் தொடங்கினோம். பாதிக் காரணம் அது. மற்றப் பாதி அம்மம்மாவைப் பற்றியது.

அம்மம்மா அந்த வீட்டை விட்டு வந்தது 1990 இல். பிறகு அது உயர் பாதுகாப்பு வலயத்துக்குள் போய், கால் நூற்றாண்டு கழித்து விடுவிக்கப்பட்ட காணிகளோடு திரும்பக் கிடைத்தது. அப்படிக் கிடைத்த வீடுகளைப் பார்த்தவர்களுக்கு நாங்கள் அதிகம் சொல்லத் தேவையில்லை. கூரை இல்லை. யன்னல் இல்லை. கதவு மட்டுமில்லை, பல வாசல்களில் நிலையும் பெயர்த்து எடுக்கப்பட்டிருந்தது. சுவருக்குள்ளால் ஆல் முளைத்து வெளியில் எட்டிப் பார்த்தது. இப்படிப்பட்ட கதைகளில் எல்லாம் ஒரு திறப்பு வரும். பாட்டி முப்பது வருசம் அதைச் சேலைத் தலைப்பில் முடிந்துவைத்திருப்பார். எங்கள் அம்மம்மாவிடம் அப்படி ஒன்றும் இல்லை. “பூட்டவே இல்லை பிள்ளையள். ரெண்டு நாளிலை வந்திடுவம் எண்டு கதவை இழுத்துச் சாத்திப்போட்டு வந்தனாங்கள்” என்பார்.

இருந்த காசுக்கு ஓர் அறையையும் உள்விறாந்தையையும்தான் திருத்த முடிந்தது. கூரை போட்டு, சுவர் பூசி முடிந்ததும் அம்மம்மாவிடம் போய், எப்போது வந்து நிற்கப்போகிறீர்கள் என்று கேட்டோம். அவர் ஒரே ஒரு நிபந்தனைதான் வைத்தார். “உள்ளுக்கை நிண்டு பூட்டக்கூடிய ஒரு கதவு போடுங்கோ. அதுக்குப் பிறகு நான் அங்கை வந்து படுக்கிறன்.” எண்பது தாண்டியவர். ஒருமுறை கிணற்றடியில் விழுந்ததில் வலது மணிக்கட்டு முறிந்து, பொருந்தியும் பழைய பலம் வரவில்லை. அந்தக் கையால் போத்தல் மூடிகூடத் திருக மாட்டார்.

அதிர்ஷ்டவசமாக அந்த அறையின் நிலை மட்டும் மிஞ்சியிருந்தது. ஒரு நிலைக்கால் நீளத்துக்கு வெடித்திருந்தது. அதனால்தான் கழற்றியவர்கள் விட்டுவிட்டுப் போயிருப்பார்கள் என்று ஓடாவியார் சொன்னார். புதுக் கதவுக்கு அளவெடுக்க வந்தவர் அவர். வந்து அரைமணித்தியாலமாகியும் அளவுநாடாவை வெளியில் எடுக்கவே இல்லை. விறாந்தையில் நின்று, நிலைக்காலை மேலிருந்து கீழே உள்ளங்கையால் தடவிக்கொண்டு வந்தார். இடது நிலைக்காலில் இரண்டு இடத்தில் விரல் இறங்கியது. “பாத்தீங்களோ, பிணைச்சல் இருந்த பள்ளம்.” ஒவ்வொரு பள்ளத்திலும் துருக்கறையோடு மூன்று துளைகள். வலது நிலைக்காலில், இடுப்புயரத்தில், அறைப் பக்கத்து முகத்தில் நாலு சின்னத் துளைகள் இருந்தன. பூட்டின் நாக்குப் போய் விழுகிற இரும்புப் பெட்டி அதில்தான் அடித்திருந்ததாம்.

“இனி நிலத்தைக் கழுவுங்கோ” என்றார். இரண்டு வாளி தண்ணீர் ஊற்றித் தேய்த்தோம். பழைய சீமெந்துத் தரையில் கால்வட்டமாக ஒரு கீறல் மெல்ல மெல்லத் தெரிந்தது. கதவு தன் பாரத்தால் தொய்ந்து, திறக்கிற நேரமெல்லாம் அதன் கீழ்மூலை தரையில் உரசியிருக்கிறது. கீறல் இடது நிலைக்காலைச் சுற்றி, அறைக்குள்ளே போயிருந்தது. கதவு எந்தப் பக்கம் தொங்கியது, எந்தப் பக்கம் திறந்தது என்பதற்கு இனி யாரையும் கேட்கத் தேவையில்லை. விறாந்தையில் நின்று பார்த்தால் பிணைச்சல் இடப்பக்கம், பூட்டு வலப்பக்கம், தள்ளினால் உள்ளே திறக்கும்.

நாங்கள் கேட்டிருக்கவே வேண்டாம். ஆனால் அன்றிரவு சும்மா ஒரு புளுகத்தில் அம்மம்மாவிடம் போய், “அம்மம்மா, உங்கடை அறைக் கதவின்ரை பிணைச்சல் எந்தப் பக்கம் இருந்தது, சொல்லுங்கோ பாப்பம்” என்று பரீட்சை வைத்தோம். அவர் யோசிக்கவே இல்லை. “பிணைச்சல் சோத்துக்கைப் பக்கம். பூட்டு இடக்கைப் பக்கம்.”

நாங்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். நிலைக்கால் ஒன்று சொல்கிறது, அம்மம்மா மற்றதைச் சொல்கிறார். அதற்கு முந்தின கிழமைதான் அவர் தேத்தண்ணிக்கு இரண்டுதரம் சீனி போட்டிருந்தார். எங்களில் ஒருவருக்கு வேறொருவரின் பேரைச் சொல்லிக் கூப்பிட்டிருந்தார். அம்மாவிடம் சொன்னோம். அம்மா பெருமூச்சு விட்டு, “ஓம், கொஞ்ச நாளா நானும் பாக்கிறன்” என்றார். அவ்வளவுதான். அந்த வீட்டைப் பற்றி அம்மம்மா சொன்ன மற்ற எல்லாவற்றையும் அதற்குப் பிறகு நாங்கள் கொஞ்சம் தள்ளிவைத்துத்தான் கேட்டோம். கிணற்றடிப் பூவரசு, பின்வளவுக் கோழிக்கூடு, எல்லாவற்றையும்.

கதவைப் பலகைக் கதவாகவே செய்வது என்று முடிவானது. நிமிர்ந்த வேப்பம் பலகைகள், பின்னால் குறுக்கே மேலொன்று கீழொன்றாகச் சட்டம், இரண்டுக்கும் இடையில் ஒரு சாய்சட்டம். பழைய கதவும் அப்படித்தான் இருந்ததாம். பலகையின் தடிப்பு ஓர் அங்குலம். இங்கேதான் பூட்டுப் பிரச்சினை தொடங்கியது.

இன்றைக்கு ஹாட்வெயார் கடைகளில் அநேகமாக இருப்பது கதவின் விளிம்பைக் குடைந்து உள்ளே இறக்குகிற பூட்டுத்தான். ஓர் அங்குலப் பலகைக்குள் அதை இறக்கினால் இரண்டு பக்கமும் அப்பளம் மாதிரித்தான் மரம் மிஞ்சும். பலகைக் கதவுக்குப் பொருந்துவது, குடையாமல் கதவின் முகத்திலேயே வைத்து ஸ்குரூ ஆணி அடிக்கிற பூட்டு. ரிம் லொக் என்பார்கள். அம்மம்மாவுக்கு அது பெட்டிப் பூட்டு. கறுப்பு இரும்புப் பெட்டி, இரண்டு பக்கமும் பித்தளைக் குமிழ், குமிழைத் திருகினால் உள்ளே இழுபடுகிற சரிவு வெட்டிய நாக்கு ஒன்று, திறப்பால் தள்ளுகிற கட்டை நாக்கு ஒன்று. பழைய கதவில் இருந்ததும் அதுதான். நாங்கள் ஏறி இறங்கிய கடைகளில் கிடைக்கவில்லை. மாமா ஓகஸ்டில் திருவிழாவுக்கு வருவதாக இருந்தார். அங்கே அந்தக் காலத்து மாதிரியிலேயே இன்னமும் செய்து விற்கிறார்கள், வாங்கிக்கொண்டு வருகிறேன் என்றார்.

அதற்கு முதல் அவர் வேறு சில படங்களும் அனுப்பினார். ஆங்கிலேயக் கிராமத்து வீடுகளின் பலகைக் கதவுகளில் இருக்கிற கொண்டி. வெளிப்பக்கம் ஒரு கைபிடி, அதற்கு மேலே கட்டைவிரலால் அமத்த ஒரு நாக்கு. அமத்தினால் அது கதவைத் துளைத்துக்கொண்டு போய் உள்ளே இருக்கிற இரும்புச் சட்டத்தைத் தூக்கும். விட்டால் சட்டம் தன் பாரத்திலேயே விழுந்து நிலைக்காலில் இருக்கிற கொளுக்கியில் உட்காரும். சுருள்வில் இல்லை, திருகல் இல்லை. கைபிடிக்குப் பின்தகடு இல்லாமல் இருந்தால் சஃபோக் கொண்டி, தகடு இருந்தால் நோர்ஃபோக் கொண்டி. இரண்டும் இங்கிலாந்தின் கிழக்கில் இருக்கிற மாவட்டங்களின் பெயர். எங்களுக்கு அதில் பிடித்த விசயம், அநேகமாக அதற்கு இடம் வலம் கிடையாது. சட்டத்தை எந்தப் பக்கம் திருப்பியும் அடிக்கலாம். மேல் கீழ்தான் முக்கியம், ஏனென்றால் முழு வேலையையும் பூமியின் இழுவைதான் செய்கிறது. அம்மம்மாவின் மணிக்கட்டுக்கும் அது நல்லது. உள்ளே இருந்து ஒற்றை விரலால் தூக்கலாம். ஆனால் அதைப் பூட்ட முடியாது. பூட்ட முடியாத கதவு கதவே இல்லை என்பது அம்மம்மாவின் கட்சி. அதோடு அந்தக் கதை முடிந்தது.

ஆகவே பெட்டிப் பூட்டு. ஆகவே மாமாவின் அந்தத் தொலைபேசிக் கேள்வி.

எங்களில் இரண்டு பேர் ஏன் வலம் என்றோம் என்றால், விறாந்தையில் நின்றோம், பூட்டு வரப்போகிற இடம் எங்கள் வலக்கைக்கு நேரே இருந்தது. வேறு யோசனையே வரவில்லை. இடம் என்றவளைப் பிறகு கேட்டோம், நீ ஏன் அப்படிச் சொன்னாய் என்று. “அம்மம்மா சொன்னவா” என்றாள். அந்த நேரத்தில் அது ஒரு காரணமாக எங்களுக்குப் படவில்லை.

ஓகஸ்டில் மாமா வந்து, பயணப்பெட்டியில் சேட்டுகளுக்கு நடுவில் சுற்றியிருந்த பூட்டை எடுத்துத் தந்தார். நல்ல பாரம். ஆறங்குல நீளம், நாலங்குல உயரம். கதவை ஓடாவியார் ஏற்கெனவே மாட்டிவிட்டிருந்தார். அறைக்குள் போய், கதவைச் சாத்தி, பூட்டைத் தூக்கி விளிம்பில் வைத்துப் பார்த்தோம். நாக்கு நிலைக்காலைப் பார்க்கவில்லை. பிணைச்சலைப் பார்த்து நீட்டிக்கொண்டு நின்றது.

கொஞ்ச நேரம் ஒருத்தரும் கதைக்கவில்லை.

விறாந்தையில் வலப்பக்கம் இருக்கிறது, உள்ளே போய்த் திரும்பி நின்றால் இடப்பக்கம். சின்னப்பிள்ளைக்கும் தெரியும். பெட்டிப் பூட்டு உள்ளே, அறைக்குள், அதன் முகம் அறையைப் பார்த்தபடி இருக்கப்போகிறது என்பதும் எங்களுக்குத் தெரியும். இந்த இரண்டையும் ஒன்றாக வைத்துப் பார்க்கத்தான் தெரியவில்லை. மாமா போன கடையில் பூட்டை அதன் முகத்துக்கு நேரே நின்று பார்க்கிறார்கள்: நாக்கு வலப்பக்கம் நீண்டால் வலக்கைப் பூட்டு, இடப்பக்கம் நீண்டால் இடக்கைப் பூட்டு. எங்களுக்குத் தேவைப்பட்டது இடக்கைப் பூட்டு.

பிழை தெரிந்ததும் ஆளுக்கொரு கெட்டித்தனமான யோசனை வந்தது. முதலாவது, பூட்டை அறைக்குள் அடிக்காமல் விறாந்தைப் பக்கம் அடித்தால் என்ன? அங்கே நாக்கு வலப்பக்கம்தானே நீள வேண்டும், சரியாக வரும். ஓடாவியார் நாக்கைத் தொட்டுக் காட்டினார். நாக்கின் சரிவு பூட்டின் முதுகுப் பக்கம் வெட்டியிருக்கிறது. கதவு அறைக்குள் இருந்து வந்து நிலையில் சாத்துப்படும்போது அந்தச் சரிவுதான் முதலில் பெட்டியில் முட்டி, நாக்கை உள்ளே தள்ளி, பிறகு டக்கென்று விழ வைக்கும். பூட்டை மறுபக்கம் கொண்டுபோனால் சரிவில்லாத பக்கம் போய் முட்டும், கதவு சாத்தாது. “அதை விடுங்கோ தம்பி, பூட்டும் வெளியிலை, ஸ்குரூவும் வெளியிலை. கள்ளனுக்கு ஒரு திருப்புளி காணும்” என்றார்.

இரண்டாவது யோசனை, பிணைச்சலைக் கழற்றி மற்ற நிலைக்காலில் அடித்துக் கதவை மாற்றித் தொங்கவிடுவது. அப்போது பூட்டு அறைக்குள்ளும் வலப்பக்கம் வந்துவிடும். எங்களுக்கு இது பெரிய வேலையாகத் தெரியவில்லை. நாலு பள்ளம் புதிதாக வெட்ட வேண்டும், பழைய பள்ளத்தை மரத்துண்டால் அடைக்க வேண்டும். ஓடாவியார் மறுபடி கையைக் காட்டினார், இந்த முறை கதவின் சாய்சட்டத்தை. அது பிணைச்சல் பக்கத்துக் கீழ்மூலையில் தொடங்கி, பூட்டுப் பக்கத்து மேல்மூலைக்கு ஏறுகிறது. பிணைச்சல் இல்லாத பக்கம் எந்தக் கதவும் கீழே தொய்யப் பார்க்கும். சாய்சட்டம் அந்தப் பாரத்தை வாங்கிப் பிணைச்சலின் காலடிக்கு இறக்குகிறது. நாங்கள் அறைக்குள் நின்று பார்க்கும்போது அது ஆங்கில இசட் எழுத்தைக் கண்ணாடியில் பார்த்தமாதிரி இருந்தது. கதவை அப்படியே மறுபக்கம் தொங்கவிட்டால் சட்டம் தலைகீழான வேலை செய்யும். பாரத்தைத் தாங்குவதற்குப் பதிலாக இழுபட்டு, மூட்டுகள் மெல்ல விடும். பழைய கதவு தரையைக் கீறியதற்கு அப்படி ஏதும் காரணம் இருந்திருக்கலாம் என்றார். சாய்சட்டத்தைக் கழற்றி மாற்றி அடிக்கலாம், அது ஒரு நாள் வேலை, செய்துதருகிறேன் என்றும் சொன்னார். அதுவரை ஒரு பலகைக் கதவுக்கே கை உண்டு என்று நாங்கள் நினைத்ததில்லை. பூட்டில்லாமல், பிணைச்சல் இல்லாமல், சும்மா சுவரில் சாத்தி வைத்திருந்தாலும் அது இந்தப் பக்கத்துக் கதவு என்று சொல்ல முடியும்.

சரி, மாற்றிவிடுவோம் என்று முடிவெடுத்தோம். ஒரு மரியாதைக்கு அம்மம்மாவைக் கூட்டிவந்து காட்டிவிட்டுச் செய்யலாம் என்று நினைத்தோம். ஓட்டோவில் கூட்டிவந்தோம். கூரை போட்ட பிறகு அவர் வருவது அதுதான் முதல்தரம். விறாந்தையில் கொஞ்சம் நின்றார். பிறகு கதவைத் தள்ளி, நேரே அறைக்குள் போய், கட்டில் முந்தி இருந்த இடத்தில் நின்று எங்கள் பக்கம் திரும்பினார். வலக்கையைத் தூக்கினார். அந்தக் கை முழுதாக உயராது. தோளுக்குச் சற்றுக் கீழே நின்றது. “சோத்துக்கைப் பக்கம் பிணைச்சல்.” மற்றக் கையைத் தூக்கினார். “இந்தப் பக்கம் பூட்டு. சொன்னனான்தானே.”

நாங்கள் விறாந்தையிலேயே நின்றோம்.

“அம்மம்மா, நீங்கள் உள்ளுக்கை நிண்டு சொன்னனீங்கள்” என்றாள் எங்களில் மூத்தவள்.

“பின்னை? என்ரை அறையெல்லோ. நான் என்னத்துக்கு வெளியிலை நிண்டு பாக்கிறது?”

கதவை மாற்றித் தொங்கவிடுகிற யோசனையைச் சொன்னோம். “வேண்டாம்” என்றார். ஏன் என்று கேட்டதற்கு, கதவைப் பாதி சாத்தி, விறாந்தையில் போய் நின்று பாருங்கோ என்றார். நின்று பார்த்தோம். இடப்பக்கம் பிணைச்சல் இருக்கிற கதவு பாதி திறந்தால் வலப்பக்கத்து இடைவெளிக்குள்ளால் எதிர்ச் சுவரும் யன்னலும்தான் தெரிகிறது. கட்டில் இருக்கிற மூலையைக் கதவுப் பலகையே மறைக்கிறது. மாற்றித் தொங்கவிட்டால் கதவு ஒரு சாண் விலகினாலே விறாந்தையில் இருக்கிறவருக்குக் கட்டில்தான் முதலில் தெரியும்.

“ரெண்டு பிள்ளையை இந்த மூலையிலைதான் பெத்தனான்” என்றார் அம்மம்மா. “மருத்துவிச்சி சுடுதண்ணிக்கும் துணிக்கும் எண்டு கதவைத் திறந்து திறந்து போய் வந்தவா. விறாந்தை முழுக்க ஆம்பிளையள். கொம்மப்பா, அவற்றை தமையன், அயலிலை உள்ளவை. ஒருத்தருக்கும் கட்டில் தெரியேல்லை.”

அதை அவர் பெரிய விசயமாகச் சொல்லவில்லை. கோழிக்கூடு இருந்த இடத்தைச் சொன்ன அதே குரலில்தான் சொன்னார். கதவை உள்ளே திறக்கவிட்டு, கட்டிலை மறைக்கிற பக்கம் தொங்கவிடுவது அந்தக் காலத்து ஓடாவிமாருக்குச் சாதாரணமான கணக்கு என்று ஓடாவியார் பிறகு சொன்னார். அவரே இன்னொன்றையும் கவனித்தார்: உள்ளே நிற்கிறவருக்குப் பூட்டு இடக்கைப் பக்கம் என்றால், அம்மம்மாவுக்கு இப்போது அதுதான் நல்ல கை.

அவரிடம் மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று எங்கள் மூன்று பேருக்கும் இருந்தது. கேட்கவில்லை. கேட்டால் என்னத்துக்கு என்று கேட்பார். நாங்கள் அவரைப் பற்றி என்ன நினைத்திருந்தோம் என்பதைச் சொல்ல வேண்டிவரும். அம்மாவிடம் மட்டும் அன்றிரவு சொன்னோம். சீனி இரண்டுதரம் போட்டது இன்னமும் இரண்டுதரம் போட்டதுதான், அதை நாங்கள் மறக்கவில்லை. ஆனால் பின்வளவுக்குப் போய்த் தோண்டிப் பார்த்தோம். அவர் சொன்ன இடத்திலேயே கோழிக்கூட்டின் கல்லடுக்கு இருந்தது.

இப்போது பயனுள்ள பகுதிக்கு வருகிறோம். பிறகு நாங்கள் தேடிப் படித்ததில், இந்த இடம் வலம் விசயத்தில் உலகமே எங்களைப் போலத்தான் இருக்கிறது. அமெரிக்காவில் பொதுவாக, கதவுக்கு வெளியே நின்று பார்க்கச் சொல்வார்கள். பிணைச்சல் இடப்பக்கம், கதவு உள்ளே திறக்கிறது என்றால் இடக்கைக் கதவு. அந்தக் கணக்கில் எங்கள் கதவு இடக்கை. அங்கே உடம்பாலேயே செய்துபார்க்கிற ஒரு வழியும் இருக்கிறது: பிணைச்சல் அடித்த நிலைக்காலில் முதுகைச் சாத்தி வாசலுக்குள் நில்லுங்கள், கதவு உங்கள் எந்தக் கைப்பக்கம் விசிறுகிறதோ அது அந்தக் கைக் கதவு. ஜேர்மனியின் டி.ஐ.என். 107 என்கிற தரம் வேறுமாதிரி: பிணைச்சலின் முண்டு கண்ணுக்குத் தெரிகிற பக்கம், அதாவது கதவு உங்களை நோக்கித் திறக்கிற பக்கம் நில்லுங்கள்; பிணைச்சல் வலப்பக்கம் என்றால் வலக்கைக் கதவு. அந்தக் கணக்கில் அதே கதவு வலக்கை. அந்த வலக்கைக் கதவுக்கு, பூட்டின் முகத்தைப் பார்த்துச் சொல்கிற கடையில், இடக்கைப் பூட்டு வாங்க வேண்டும். ஒருத்தரும் பொய் சொல்லவில்லை. நிற்கிற இடம்தான் வேறு.

ஆகவே யாராவது இடமா வலமா என்று கேட்டால் பதில் சொல்லாதீர்கள். எங்கே நின்று கேட்கிறீர்கள் என்று முதலில் திருப்பிக் கேளுங்கள். அதையும்விட நல்லது, ஒரு கடதாசியில் வாசலை மேலிருந்து பார்க்கிறமாதிரிக் கீறி, சுவர், பிணைச்சல், கதவு விசிறுகிற கால்வட்டம், பூட்டு வரப்போகிற முகம் நாலையும் குறித்து, எது அறை எது விறாந்தை என்று எழுதிப் படமெடுத்து அனுப்புவது. அந்தப் படத்தில் இடம் வலம் என்ற சொல்லே தேவைப்படாது. குமிழ் வைத்த பூட்டென்றால் கைபிடிக்குக் கை கிடையாது. வளைந்த கைபிடி என்றால் அதற்கும் தனியாக உண்டு, அதையும் கேளுங்கள். சாதாரணப் பிணைச்சலுக்குக் கை இல்லை. திறக்கும்போது கதவைக் கொஞ்சம் மேலே தூக்குகிற வகைக்கும், கதவை அப்படியே தூக்கிக் கழற்றக்கூடிய வகைக்கும் உண்டு.

திறாங்குக்கு எதுவுமில்லை. நேராகப் போகும், நேராக வரும். இதில் எங்களுக்கு ஒரு சின்னப் பெருமை: தமிழ்நாட்டுக்காரர் போர்த்துக்கேயச் சொல்லை எடுத்துச் சாவி என்கிறார்கள், நாங்கள் திறப்பு என்கிறோம். ஆனால் திறாங்கு என்கிறபோது நாங்களும் போர்த்துக்கேயம்தான் கதைக்கிறோம். யன்னலும் அப்படித்தான். கதவு மட்டும் எங்களுடையது.

கடைசியில் அந்தப் பூட்டை என்ன செய்தோம் என்றால், திருப்பி அனுப்புகிற செலவைக் கணக்குப் பார்த்துவிட்டுக் கைவிட்டோம். ஓடாவியார் பூட்டைக் கையில் வைத்து, ஒரு சக்கரத்தைப் போலப் பாதிச் சுற்றுச் சுற்றினார். முகம் முகமாகவே இருந்தது, முதுகின் சரிவு முதுகிலேயே இருந்தது, நாக்கு மட்டும் வலமிருந்து இடத்துக்கு வந்துவிட்டது. சாத்திப் பார்த்தார். டக்கென்று விழுந்தது. ஒரே ஒரு குறை, எல்லாமே தலைகீழ். திறப்புத் துவாரத்தின் வட்டம் கீழே, வால் மேலே. விறாந்தைப் பக்கம் துவாரத்தை மூட ஒரு பித்தளைத் தகடு தொங்கவேண்டும். தகட்டையும் தலைகீழாக அடித்தால் மூடி எப்போதும் விலகித் தொங்கும். மூடியைக் கழற்றி வைத்துவிட்டோம், துவாரம் சும்மா இருக்கிறது. திறப்பைப் பல்லு மேலே பார்க்கிறமாதிரிப் பிடித்துப் போட வேண்டும். மாமாவுக்கு இதில் பெரிய வருத்தம். வந்து போகிறவர்கள் பார்த்தால் என்ன சொல்வார்கள் என்றார்.

“கதவு சாத்துதெல்லோ” என்றார் அம்மம்மா.

அவர் வந்து படுத்த முதல் நாள் நாங்கள் மூன்று பேரும் விறாந்தையில் பாய் போட்டுப் படுத்தோம். பத்து மணிபோல உள்ளே கட்டில் முனகியது, பிறகு செருப்புச் சத்தம். திறாங்கு போகிற சத்தம் கேட்டது. அதற்குப் பிறகு திறப்பு. கண்ணாடியில் பார்ப்பதுபோல நேர்மாறாகச் செய்த பூட்டு என்பதால், அவருடைய கைக்குப் பழகின பக்கம் திருகினால் இது பூட்டாது. ஒருதரம் திருகினார், மாட்டவில்லை. நாங்கள் எழும்பவில்லை. இரண்டாம்தரம் மறுபக்கம் திருகினார்.